டியான் சாண்டர்ஸ்: ஒரு பெயர் எவ்வளவு தூரம் இழுக்கும்?

"பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளர்களாக வருவதில்லை என்பார்களே, டியான் சாண்டர்ஸ் அதற்கு விதிவிலக்கா? இல்லை, பெயரைப் பார்த்துத்தான் கல்லூரிகள் அவருக்கு வேலை கொடுத்தனவா?" என்பது கேள்வி.

பெயரைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதை ஒரு குறையாகச் சொல்வதற்கு முன்னால், அமெரிக்கக் கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்று பார்க்க வேண்டும். அந்த வேலையில் பெயர்தான் பாதி முதல். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதில்தான் சாண்டர்ஸின் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

நாம் பேசுவது காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் புதிய வீரர்களை ஆண்டுதோறும் வரிசைப்படி அணிகள் எடுத்துக்கொள்கின்றன. எடுக்கப்பட்ட பையன் அந்த அணிக்குத்தான் போயாக வேண்டும். கல்லூரியில் அப்படி இல்லை. பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், அவனுடைய அம்மாவுக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்து, "உங்கள் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள்" என்று கேட்க வேண்டும். அதே வீட்டுக்கு முந்தின நாள் வேறு நான்கு பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வந்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆட்ட நாளில் எந்த நகர்வை ஆடுவது என்று முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்: தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர். ஒரு கல்யாணத்தில் சமைப்பவர் வேறு, பந்தி விசாரிப்பவர் வேறு, ஊரையே அழைத்து முன்னின்று நடத்துபவர் வேறு அல்லவா? தலைமைப் பயிற்சியாளர் அந்த மூன்றாவது ஆள்.

சரி, ஊரை அழைக்க சாண்டர்ஸைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். 1967-இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் பிறந்தவர். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1989-இல் ஐந்தாவது ஆளாக அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்குத் தேர்வானார். அவர் ஆடியது கார்னர்பேக் இடத்தில். எதிரணியில் பந்து பிடிக்க ஓடுபவரை நிழல்போல ஒட்டிக்கொண்டு ஓடும் வேலை. அவர் நிற்கும் பக்கம் பந்தை எறிவதையே எதிரணிகள் தவிர்த்தன. அதே காலத்தில் பேஸ்பாலும் தொழில்முறையாக ஆடினார். 1989 செப்டம்பரில் ஒரே வாரத்துக்குள் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்காக ஒரு ஹோம் ரன்னும் ஃபால்கன்ஸ் அணிக்காக ஒரு டச்டவுனும் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) அடித்தார். 1992 அக்டோபரில் ஒருநாள் மதியம் மயாமியில் ஃபுட்பால் ஆடிவிட்டு, இரவு பேஸ்பால் ஆட்டத்துக்காகப் பிட்ஸ்பர்க்குக்குப் பறந்தார். அங்கே போன பிறகு அன்றிரவு அவரைக் களத்தில் இறக்கவில்லை என்பது வேறு விஷயம். என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல், பேஸ்பாலின் இறுதியான உலகத் தொடர் இரண்டிலும் ஆடிய ஒரே மனிதர் இன்றுவரை அவர்தான். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் டல்லாஸுக்கும் ஆடி அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பௌல்களை வென்றார். 2011-இல் ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 'பிரைம் டைம்' என்ற பட்டப்பெயர் கல்லூரி வயதுக்கு முன்பே ஒட்டிக்கொண்டது.

ஆட்டத்தை விட்ட பிறகு தொலைக்காட்சியில் விமர்சகராக இருந்தார். டெக்சஸில் சிறுவர் அணிகளை நடத்தினார். அங்கே 2012-இல் அவர் கூட்டாகத் தொடங்கிய பள்ளி, பண நெருக்கடியில் சிக்கி 2015 ஜனவரியில் மூடப்பட்டது. அவரைப் புகழ்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு பள்ளி அணியின் தாக்குதல் பிரிவை நடத்தினார். அவ்வளவுதான் அனுபவம். கல்லூரி மட்டத்தில் ஒருநாள்கூட உதவிப் பயிற்சியாளராக இருந்ததில்லை.

இந்த இடத்தில் ஸ்டீவ் ஸ்பரியரை நினைத்துப் பாருங்கள். கல்லூரி ஆட்டத்தின் மிகப்பெரிய தனிநபர் விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை 1966-இல் வென்ற, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர். அதே ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கே 1990-இல் தலைமைப் பயிற்சியாளராக வந்து, 1996-இல் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். ஆக, நட்சத்திரங்களால் முடியாது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஸ்பரியர் எழுபதுகளின் கடைசியிலேயே உதவியாளராக உள்ளே நுழைந்து, டியூக் பல்கலைக்கழகம் வழியாக ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். சாண்டர்ஸ் படிகளைத் தாண்டி நேராக மாடியில் போய் நின்றார்.

அந்த மாடி எது என்பதும் முக்கியம். 2020 செப்டம்பரில் அவர் ஒப்புக்கொண்டது மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களுக்கென்று நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களில் ஒன்று. வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கதவடைத்திருந்த காலத்தில் தெற்கின் சிறந்த கறுப்பின ஆட்டக்காரர்கள் இத்தகைய இடங்களுக்குத்தான் போனார்கள். பின்னால் என்எஃப்எல் ஜாம்பவான்களான இருவரைச் சொல்லலாம்: வால்டர் பேட்டன் ஜாக்சன் ஸ்டேட்டில் ஆடியவர். ஜெர்ரி ரைஸ் அதே மாநிலத்தின் மிசிசிப்பி வேலி ஸ்டேட்டிலிருந்து வந்தவர். பெரிய பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்த பிறகு திறமை அந்தப் பக்கம் ஓடிவிட்டது. மைதானம், பணம், தொலைக்காட்சி எல்லாம் அதன் பின்னாலேயே போயின. வரலாற்றுப் பெருமை மட்டும் இங்கே தங்கியது.

சாண்டர்ஸ் வந்ததும் கேமராக்களும் கூடவே வந்தன. மகன்கள் ஷெடோரும் ஷைலோவும் வந்தார்கள். ஷெடோர்தான் குவார்ட்டர்பேக். பெருந்தொற்றால் 2021 வசந்தத்துக்குத் தள்ளிப்போன முதல் பருவத்தில் 4 வெற்றி, 3 தோல்வி. அதே ஆண்டு இலையுதிர் பருவத்தில் 11 வெற்றி, 2 தோல்வி. அந்தப் பருவத்தின் நடுவில் அவருடைய இடது காலில் ரத்தம் உறைந்து, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நாட்டிலேயே வேகமான கால்கள் என்று பேர் வாங்கியவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மைதானத்துக்குத் திரும்பினார். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அவர் மீதிருந்த சந்தேகத்தில் பாதி போய்விட்டது. விளம்பரத்துக்காக வந்த ஆளாக இருந்தால் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார்.

2021 டிசம்பரில்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நாட்டின் பள்ளி ஆட்டக்காரர்களில் முதலிடத்தில் இருப்பவர் என்று மதிப்பிடப்பட்ட டிராவிஸ் ஹண்டர், ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு வருவதாகக் கொடுத்திருந்த வாக்கை விட்டுவிட்டு, ஜாக்சன் ஸ்டேட் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஃபுளோரிடா ஸ்டேட் சாண்டர்ஸ் படித்த இடம். தன் சொந்தக் கல்லூரியிடமிருந்தே பையனைக் கொண்டுவந்துவிட்டார். இரண்டாம் அடுக்கில் ஆடும் கறுப்பினப் பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தரத்தில் ஒரு பையன் போவது அதுவரை யாரும் கண்டிராதது. பெயருக்கு எவ்வளவு இழுவை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

2022-இல் தொடர்ந்து 12 ஆட்டங்களை வென்றார்கள். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஜாக்சன் நகரத்தின் குடிநீர்க் குழாய்களே நின்றுபோயின. வீரர்களை ஹோட்டல்களுக்கு மாற்றி, குளிப்பதற்கும் கழிப்பறைக்கும் தண்ணீர் எங்கே என்று தேடிக்கொண்டுதான் அணி தயாரானது. கடைசியில் கறுப்பினக் கல்லூரிகளின் பெரிய ஆட்டமான செலிபிரேஷன் பௌலில், 2021-இல் தோற்றதுபோலவே 2022-இலும் தோற்றார்கள். மூன்று பருவங்களிலும் சேர்த்து 27 வெற்றி, 6 தோல்வி. ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்துக்கு முன்பே, டிசம்பர் 3-ஆம் தேதி, கொலராடோ பல்கலைக்கழகம் அவரை அறிவித்துவிட்டது.

ஜாக்சனில் பலருக்கு இது வலித்தது. கறுப்பினக் கல்லூரிகளைத் தூக்கி நிறுத்த வந்தேன் என்று பேசியவர், பெரிய சம்பளம் வந்ததும் போய்விட்டார் என்றார்கள். அந்த வலி நியாயமானது. அவர் போனதும் நியாயமானதுதான். எந்தப் பயிற்சியாளரும் மேலே போகவே பார்ப்பார். பேச்சு பெரிதாக இருந்ததால் பிரிவும் பெரிதாகத் தெரிந்தது. ஹண்டரும் மகன்களும் அவரோடு கிளம்பினார்கள்.

கொலராடோ 2022-இல் ஆடிய 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வென்ற அணி. 1990-இல் தேசியப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட இடம், அடியோடு விழுந்து கிடந்தது. ஐந்து ஆண்டுக்கு 2 கோடியே 95 லட்சம் டாலர் ஒப்பந்தம். அந்தப் பணம் இன்னும் கையில் இல்லை என்று விளையாட்டுத் துறை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

பழைய வீரர்களை சாண்டர்ஸ் முதன்முதலாகச் சந்தித்த கூட்டத்தின் வீடியோ இணையத்தில் இருக்கிறது. வரிசையாக நாற்காலிகள். இருபது வயதுப் பையன்கள் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் முன்னால் நின்று, என் பெட்டிகளை நானே கொண்டு வருகிறேன், அவை விலை உயர்ந்தவை, நீங்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) பெயர் கொடுப்பதென்றால் கொடுத்துவிடலாம் என்கிற பொருளில் பேசுகிறார். பெட்டி என்று அவர் சொல்வது தன் ஆட்டக்காரர்களை. நான் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் கண் போனது அந்த நாற்காலிகளில் இருந்தவர்களிடம்தான். ஒரு வெற்றி, பதினொரு தோல்வி என்ற பருவத்தை முழுதாக ஆடி முடித்தவர்கள் அவர்கள். அந்தப் பேச்சை அவர் வேறு மாதிரி பேசியிருக்கலாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அவர் செய்ததைச் செய்ய முடிந்ததே விதிகள் மாறியதால்தான். முன்பெல்லாம் ஒரு வீரர் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒருமுறை உட்காராமலே மாறலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலையில், மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. ஆண்டுக்கு 25 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்ற வரம்பும் 2022-இல் தளர்ந்தது. இந்த மூன்று கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. பத்து வருடம் முன்னால் இதே மனிதர் இதே வேலைக்கு வந்திருந்தால், ஒரு அணியைக் கட்ட நான்கு வருடம் பிடித்திருக்கும். இப்போது ஒரே கோடையில் 80-க்கும் மேற்பட்ட புதுமுகங்களோடு வந்து நின்றார்.

கூட்டம் உடனே வந்தது. 2023 ஏப்ரலில், தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் பயிற்சி ஆட்டத்துக்கு, பனி தூறும் குளிரில், 47,277 பேர் பணம் கொடுத்து வந்தார்கள். முந்தைய ஆண்டு இதே ஆட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 2,000 பேர்தான். செப்டம்பர் 2-ஆம் தேதி முதல் ஆட்டத்தில், முந்தின பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம் வரை போன டிசியூ அணியை அதன் சொந்த மைதானத்தில் 45-42 என்று வென்றார்கள். ஷெடோர் 510 கெஜம் எறிந்தார். மூன்று ஆட்டம், மூன்று வெற்றி. நாடே கொலராடோவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்காவது ஆட்டத்தில் ஓரிகன் 42-6 என்று சாய்த்தது. அதன் பிறகு ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 29-0 என்று முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். பருவம் 4 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்தது.

ஏன் என்று கேட்டால், முன்வரிசையைப் பாருங்கள் என்பேன். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். ஒவ்வொருவரும் நூற்று நாற்பது கிலோ இருப்பார்கள். பந்தை ஏந்தி ஓடுவது அவர்கள் வேலையல்ல, அவர்கள் பெயர் போட்ட சட்டையை யாரும் வாங்குவதில்லை. ஆனால் எதிரணியின் தடுப்பாளர்களை மூன்று விநாடி நிறுத்தி வைப்பது அவர்கள்தான். அந்த மூன்று விநாடி இல்லாவிட்டால் எறியவும் முடியாது, ஓடவும் முடியாது. 2023-இல் ஷெடோர் 52 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். பந்தை ஏந்தி ஓடி எடுத்த தூரத்தில் கொலராடோ நாட்டிலேயே கடைசி. கேமரா பின்தொடரும் இடங்களுக்கு, அதாவது எறிபவர், பிடிப்பவர், பிடிப்பவரை ஒட்டி ஓடித் தடுப்பவர் என்ற இடங்களுக்கு, சாண்டர்ஸால் ஒரு தொலைபேசி அழைப்பில் ஆள் கொண்டுவர முடிந்தது. முன்வரிசையை அப்படிக் கட்ட முடியாது. அந்த ஐந்து பேரும் சேர்ந்தே இரண்டு மூன்று வருடம் நின்று பழகி, பக்கத்தில் நிற்பவன் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பான் என்று பார்க்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு ஆளை மாற்றினால் அந்தப் பழக்கம் வராது. நான் முதலில் சொன்ன மீதிப் பாதி இதுதான்.

அவர் பாடம் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. 2024-க்கு முன்னால் ஜோர்டன் சீட்டன் என்ற, நாட்டில் மிகவும் விரும்பப்பட்ட முன்வரிசைப் பையனைச் சேர்த்தார். தடுப்பு உத்திகளை நடத்த, என்எஃப்எல்லின் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியிலிருந்து ராபர்ட் லிவிங்ஸ்டனைக் கூட்டி வந்தார். பெரிய பெயர் இல்லாத, ஆனால் வேலை தெரிந்த மனிதர். இந்த நியமனம்தான் சாண்டர்ஸ் செய்த மிகச் சிறந்த பயிற்சியாளர் வேலை என்பது என் கருத்து. 2024-இல் 9 வெற்றி, 4 தோல்வி.

அந்தப் பருவத்தில் பேய்லர் அணிக்கு எதிரான ஆட்டம் ஒன்று போதும், அவருடைய பலம் எங்கே என்று காட்ட. செப்டம்பர் 21, கொலராடோவின் சொந்த ஊரான போல்டர். 31-24 என்று பின்தங்கியிருக்கிறார்கள். மீதி இரண்டு விநாடி. எல்லைக்கோடு 43 கெஜ தூரத்தில். ஷெடோர் தூக்கி எறிந்த பந்தை லஜான்டே வெஸ்டர் எல்லைக்குள் பிடித்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கொலராடோ முன்னிலை எடுத்தது. இப்போது பேய்லர் கோட்டருகே வந்துவிட்டது, இன்னும் ஒரு எட்டு வைத்தால் சமன். பந்தோடு பாய்ந்தவர் மீது ஹண்டர் மோதினார், பந்து கையைவிட்டுத் தெறித்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் குதித்துவிட்டார்கள். நடுவர்கள் வீடியோவைப் பார்த்து முடிவைச் சொல்லும் வரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. 38-31.

ஹண்டர் பந்து பிடிப்பவரும்தான், தடுப்பவரும்தான். ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய முழு நேரம் ஆடுவார். இன்றைய பெரிய கல்லூரி ஃபுட்பாலில் அப்படி யாரும் ஆடுவதில்லை. உடம்பு தாங்காது என்று வேறு எந்தப் பயிற்சியாளராக இருந்தாலும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லியிருப்பார். சாண்டர்ஸ் சொல்லவில்லை. ஏனென்றால் 1996-இல் டல்லாஸ் அணிக்காக அவரே இரண்டு பக்கமும் ஆடியிருக்கிறார். எந்த நாளில் எவ்வளவு ஓய்வு, எந்தப் பயிற்சியை விடலாம், எதை விடக்கூடாது என்பதைத் தன் உடம்பில் அனுபவித்துத் தெரிந்தவர். ஆட்டக்காரராகக் கற்றது பயிற்சியாளருக்கு நேரடியாக உதவிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். அந்தப் பருவத்தில் ஹண்டர் 96 பந்துகளைப் பிடித்து 1,258 கெஜமும் 15 டச்டவுனும் எடுத்தார், எதிரணி எறிந்த நான்கு பந்துகளைப் பறித்தார். டிசம்பர் 14-ஆம் தேதி இரவு நியூயார்க்கில் ஹெய்ஸ்மன் கோப்பை அவர் கைக்கு வந்தது.

அதே டிசம்பர் 14-ஆம் தேதி பகலில் அட்லாண்டாவில் இன்னொன்றும் நடந்தது. ஜாக்சன் ஸ்டேட் 28-7 என்று சவுத் கரோலைனா ஸ்டேட்டை வீழ்த்தி, முதன்முறையாக செலிபிரேஷன் பௌலை வென்றது. சாண்டர்ஸால் இரண்டு முறை முயன்றும் வெல்ல முடியாத ஆட்டம். பயிற்சியாளர் டி.சி. டெய்லர். அதே கல்லூரியில் ஆடியவர், சாண்டர்ஸிடம் உதவியாளராக இருந்தவர். சாண்டர்ஸ் போனதும் ஜாக்சன் இடிந்து விழும் என்றவர்களுக்கும், சாண்டர்ஸ் இல்லாமல் ஒன்றுமே இல்லை என்றவர்களுக்கும் இந்த ஆட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். அவர் கொண்டுவந்த கவனம் அங்கே தங்கியது. அதை வைத்துக்கொண்டு பொறுமையாக வேலை செய்தவர் உள்ளூர்க்காரர்.

சாண்டர்ஸ் திறந்த வழியில் வேறு சிலரும் வந்தார்கள். 1995-இன் ஹெய்ஸ்மன் வீரர் எடி ஜார்ஜ், டென்னசி ஸ்டேட் அணியை 2021-இல் ஏற்று, நான்காவது பருவத்தில் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃப் வரை கொண்டுபோய், அடுத்த ஆண்டு பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். முன்னாள் என்எஃப்எல் நட்சத்திரங்களான மைக்கேல் விக் நார்ஃபோக் ஸ்டேட்டிலும், டிஷான் ஜாக்சன் டெலவேர் ஸ்டேட்டிலும் 2025-இல் தொடங்கினார்கள். எடி ஜார்ஜ் சத்தமில்லாமல் அந்த நான்கு பருவங்களில் அணியை முன்னேற்றியது எனக்கு மிகவும் பிடித்தது. அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

2025 மார்ச்சில் கொலராடோ சாண்டர்ஸுக்கு ஐந்து ஆண்டுக்கு 5 கோடியே 40 லட்சம் டாலரில் புதிய ஒப்பந்தம் போட்டது. ஏப்ரலில் என்எஃப்எல் தேர்வில் ஹண்டர் இரண்டாவது ஆளாக ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்குப் போனார். ஷெடோர் ஐந்தாம் சுற்று வரை காத்திருந்து கிளீவ்லாந்துக்குப் போனார். ஜூலையில் சாண்டர்ஸ் பத்திரிகையாளர் முன்னால் உட்கார்ந்து, தனக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததையும், பையையே எடுத்துவிட்டு வேறு அமைத்ததையும், இப்போது குணமானதையும் சொன்னார். கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆண்களே, பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் இந்த மாதிரி விஷயத்தை வாய்திறந்து பேசுவதில்லை. அவர் பேசினார்.

மகனும் ஹண்டரும் இல்லாத முதல் பருவம் 3 வெற்றி, 9 தோல்வி என்று போனது. மூன்று குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றி இறக்கினார்கள், யாரும் நிலைக்கவில்லை. ஆகவே கேள்விக்கு என் பதில்: ஆள் சேர்ப்பதிலும், ஒரு தனித் திறமையைக் கட்டிப்போடாமல் ஓடவிடுவதிலும் அவர் முதல்தரப் பயிற்சியாளர். நான்கு வருடம் நிற்கும் அணியைக் கட்டுவதில் இன்னும் தேறவில்லை. கொலராடோ அடுத்து ஆடும்போது குவார்ட்டர்பேக் யார் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் அவருக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேரைப் பார்ப்பேன், அவர்களில் எத்தனை பேர் போன வருடமும் அங்கேயே நின்றவர்கள் என்று எண்ணுவேன்.